தெய்வவாக்கும் அரசியற் சூழ்ச்சியும்

தெய்வத்தின்மாட்டு மக்கள் வைத்த பத்தியைத் தம் ஆட்சிக்குக் கருவியாக்கிக்கொண்ட அரசர் பண்டைக்காலத்துப் பல தேயங்களிலும் இருந்தனர். அவர்தம் செயல்களை எடுத்துக்காட்டித் தெய்வவாக்கென்பதே பொய்யென முடிவு கட்டுவாரும் உளர். அம்முடிபு பொருந்துமா என்பதனை, ஹெரோடோட்டஸ் என்னும் யவன வரலாற்றாசிரியர் எழுதிவைத்த இரண்டு நிகழ்ச்சிகளைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

யவன தேயத்திலே பர்னாசஸ் மலைச்சாரலில் தெல்பி என்னும் பதி உண்டு. அங்கே அப்பொல்லோ என்னுந் தெய்வத்தின் கோயிலில், பித்தியா எனப்படும் பெண் முக்காலியின்மீது அமர்ந்து வாக்குரைப்பாள். போர், குடியேற்றம், அரசுரிமை முதலியவற்றில் அவ்வாக்குக்குப் பெருமதிப்பு இருந்தது.

அக்கோயில் கி.மு. 548-இல் தீக்கிரையாயிற்று. ஏதென்ஸ் நகரத்துக் கொடுங்கோலரால் துரத்தப்பட்ட அல்க்மியோனிதர் என்னுங் குடியினர் அதனைப் புதுக்கும் பணியை ஏற்றனர். எளிய கல்லாற் கட்டுதற்கு உடன்பட்டவர், முகப்பைப் பாரோஸ் தீவின் வெண்சலவைக் கல்லாற் சமைத்தனர். அவர்களே பித்தியாவுக்குப் பொருள் கொடுத்து, ஸ்பார்த்தா நாட்டினர் எதனைக் கேட்க வரினும் ஏதென்ஸை விடுவிக்குமாறே கூறச்செய்தனர். ஸ்பார்த்தரோ அக்கொடுங்கோலர்க்கு நண்பர். ஆயினும் மக்கட்குரிய கடனினும் தெய்வத்துக்குரிய கடனே பெரிதென்று படைவிடுத்து, கி.மு. 510-இல் அவரை நகரினின்றும் ஓட்டினர். சூழ்ச்சி பின்னர் வெளிப்பட்டபோது, நண்பரை இழந்தமைக்கு இரங்கினர்.

அப்படையை நடத்திய கிளியோமினிஸ் என்னும் ஸ்பார்த்த அரசன், சில யாண்டுகள் கழித்து இதனையொத்த வழியைத் தானும் மேற்கொண்டான். இருவர் ஒருங்கே அரசராதல் அந்நாட்டு மரபு. தன் உடனரசனாகிய தெமராத்தஸை நீக்கக் கருதி, அவன் முன்னையரசனுக்குப் பிறந்தவன் அல்லன் என்னும் வழக்கை எழுப்புவித்தான். வழக்குத் தெல்பிக்குச் சென்றது. கோபோன் என்னுஞ் செல்வாக்குடையான் வாயிலாகப் பித்தியாவை வசப்படுத்தி, தான் வேண்டியவாறே கூறுவித்தான். தெமராத்தஸ் அரசிழந்தான். அதன் விளைவு யாது? உண்மை வெளிப்பட்டதும் கோபோன் ஊரைவிட்டோடினான், பித்தியா பதவியிழந்தாள், கிளியோமினிஸ் பித்தேறித் தன்னுடலைத் தானே கத்தியாற் கீறி மாண்டான். தெமராத்தஸோ பாரசீகரை அடைந்து, கி.மு. 480-இல் அவர் வேந்தனோடு யவன தேயத்தின்மேற் படையெடுத்து வந்தான்.

இச்சூழ்ச்சி யவனர்க்கே உரியதன்று. 1909-இல் சாமசாஸ்திரியார் அச்சிட்ட கௌடிலீய அர்த்தசாத்திரமும், பகைவரை வெல்லக் கருதும் அரசன், சுரங்கவழிப் புகுந்து மறைந்திருக்கும் ஒற்றரோடு தெய்வத்தோடு பேசுவான்போற் பேசிக்காட்டுமாறு விதிக்கின்றது.

இவற்றால் தெய்வவாக்கே இல்லையென்பது போதருமோ? போதராது. கள்ளநாணயம் வழங்குதல் பொன்னின்மையைக் காட்டாது. பொன்னுக்குள்ள மதிப்பையே காட்டும். நம் சித்தாந்தம் காட்சி, கருதல், உரை என மூன்று அளவைகளைக் கொள்ளும். அவற்றுள் உரையளவையாவது, இயல்பாகவே மலங்களின் நீங்கிய இறைவன் அருளிய நூல். விருப்பு வெறுப்பு இல்லாதவன் வாக்கே பிரமாணமாம். பொருள் பெற்றும் ஆள்வினைக்கு அஞ்சியும் கூறப்படுவது பாசத்துட்பட்ட உயிரின் சொல்லேயன்றித் தெய்வத்தின் சொல் ஆகாது.

ஸ்பார்த்தரைத் தெய்வத்துக்குப் பணிந்தமை பற்றி இகழ்தல் தகாது. அளவையால் ஆராயாது பணிந்ததே அவர் பிழை. வாக்குரைப்பவர் எவர், அவர் எதனை வேண்டுகின்றனர், அவ்வாக்கால் ஊதியம் பெறுபவர் எவர் என்று வினவுதல் பத்திக்கு இழுக்கன்று, அதற்குக் காவலேயாம்.

தெல்பியின் முகப்பைச் சலவைக்கல்லால் அழகுசெய்த கைகளே அதன் வாக்கை விலைக்கு வாங்கின. திருப்பணி செய்தாரைப் போற்றுதல் நம் கடன். அது பற்றித் திருவாக்கையும் அவர் வயத்ததாக ஒப்புவித்தல் ஒருநாளும் கடனன்று என்க.