கறுப்பின மக்களின் பெயரில் எழுதிய கூலிப் பதிவர்கள்

2016ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தல் காலத்தில் முகநூலில் 'பிளாக்டிவிஸ்ட்' என்றொரு பக்கம் இயங்கியது. காவல்துறை வன்முறைக்கு எதிரான காணொளிகளும் கண்டன அழைப்புகளும் அதில் தொடர்ந்து வெளிவந்தன. அப்பக்கம் பெற்ற விருப்பக்குறிகள் ஏறத்தாழ 3,60,000. 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' இயக்கத்தின் சொந்தப் பக்கத்திற்குக்கூட அத்தனை இல்லை. அதை எழுதியோரோ ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், சவூஷ்கினா தெரு 55ஆம் எண் கட்டடத்தில், சம்பளத்திற்கு அமர்த்தப்பட்டவர்கள்.

'கூலிப் பதிவர்' என்று எழுதும்போது உறுத்தத்தான் செய்கிறது. வயலில் கூலிக்கு உழைப்போர் தம் முதலாளி யாரென்பதை மறைப்பதில்லை. இங்கு விற்கப்படும் சரக்கே அந்த மறைப்புதான். இணைய ஆய்வு முகமை எனும் அந்நிறுவனத்தைத் தொடங்கியவர் தாமே எனத் தொழிலதிபர் யெவ்கெனி பிரிகோஷின் 2023 பிப்ரவரியில்தான் ஒப்புக்கொண்டார். அதற்கு எட்டாண்டுகளுக்கு முன்பே, லியுத்மிலா சாவ்சுக் என்ற செய்தியாளர் அங்கே வேலைக்குச் சேர்ந்து, 12 மணி நேரப் பணிமுறைகளையும் போலிக் கணக்குகளையும் அம்பலப்படுத்தியிருந்தார். எழுத்துமூல ஒப்பந்தமின்றி வேலை வாங்கினார்கள் என்று அவர் தொடுத்த வழக்கில் கிடைத்த இழப்பீடு 1 ரூபிள். அந்நிறுவனத்தை நீதிமன்றத்திற்கு இழுத்து வந்தது தொழிலாளர் சட்டம் என்பது வழக்கறிஞர்கள் நினைவிற்கொள்ளத்தக்கது.

2019 அக்டோபரில் அமெரிக்க செனட்டின் உளவுத்துறைக் குழு வெளியிட்ட அறிக்கை, கறுப்பின மக்களைப்போல் வேறெந்தப் பிரிவினரும் இம்முகமையால் குறிவைக்கப்படவில்லை என்கிறது. அதன் முகநூல் விளம்பரங்களில் 66 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவை இனம் சார்ந்த சொற்களைக் கொண்டிருந்தன. அப்பதிவுகளில் பல பொய்யல்ல. காவலர் வன்முறை உண்மை, கொல்லப்பட்டோர் உண்மை, சினமும் உண்மை. அந்த உண்மைகளைப் பகிர்ந்தே நம்பிக்கை ஈட்டப்பட்டது. தேர்தல் நெருங்கிய 2016 அக்டோபரில், 'வோக் பிளாக்ஸ்' என்ற மற்றொரு கணக்கு, இரு தீயோரில் ஒருவரைத் தேர்வதைவிட வாக்களிக்காதிருப்பதே மேல் என்று எழுதியது. வாக்குரிமைக்காக 1965இல் செல்மாவில் அடிபட்டவர்களின் பிள்ளைகளிடம், அவர்களுடைய குரலிலேயே சொல்லப்பட்ட அறிவுரை இது. அதே முகமை, குடியேறிகளை வெறுக்கும் பக்கங்களையும் நடத்தியது. 2016 மே 21 அன்று ஹூஸ்டனில் ஓர் இசுலாமிய மையத்தின் முன் எதிரெதிரே நின்ற இரு கூட்டங்களையும் அழைத்தது அதுவே.

இவற்றால் எத்தனை வாக்குகள் மாறின? ட்விட்டர் பயனர்களை ஆராய்ந்து 2023இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வு, இப்பதிவுகளைக் கண்டதற்கும் வாக்களிப்பு நடத்தைக்கும் பொருட்படுத்தத்தக்க தொடர்பைக் காணவில்லை. கேட்டில் பெரும்பகுதி வேறோரிடத்தில் நேர்கிறது என்பது என் கருத்து. போலிக்குரல் அம்பலமானபின், உண்மையாகக் குமுறுகிறவரும் 'யாருடைய ஆள் நீ?' என்ற கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டியுள்ளது.

2018 பிப்ரவரி 16 அன்று 13 ரஷ்யர்கள் மீதும் 3 நிறுவனங்கள் மீதும் அமெரிக்காவில் குற்றம் சாட்டப்பட்டது. வழக்கின் அடித்தளம் பொய் பேசியது அன்று. தாம் யார் என்பதையும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் மறைத்து அரசின் கண்காணிப்பை ஏய்த்ததே. சட்டம் நின்ற இடம் சரியானதுதான். ஆனால் நிதி வழங்கிய கான்கார்டு நிறுவனத்தின் மீதான குற்றச்சாட்டை அரசே 2020 மார்ச்சில் கைவிட்டது.

மறைந்திருந்து எழுதுவதையே தடைசெய்துவிடலாம் என்று இத்தகைய செய்திகளைக் கேட்டதும் சிலர் சொல்லக்கூடும். அந்த அதிகாரம் யார் கைக்குப் போகும்? 1964 நவம்பரில் மார்ட்டின் லூதர் கிங்கிற்கு வந்த பெயரற்ற மிரட்டல் கடிதம், கறுப்பினத்தவர் ஒருவர் எழுதியதைப்போன்றே இருந்தது. எழுதியது அமெரிக்க அரசின் எஃப்.பி.ஐ. அதற்கு முன்பே, கறுப்பின உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. தன் உறுப்பினர் பட்டியலை ஒப்படைக்க வேண்டுமென அலபாமா மாநில அரசு வற்புறுத்தியிருந்தது. பெயர் வெளிப்பட்டால் வேலை போகும், அடி விழும், உயிரும் போகலாம். சாதி ஊர்களில் புகார் மனுவில் கையொப்பமிடத் தயங்குவோரை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்பட்டியலைக் கொடுக்கத் தேவையில்லை என 1958இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.