ஸ்கேன் நார்மல், ஆள் நார்மல் இல்லை

"ஸ்கேன் நார்மல்னு வந்துடுச்சு" என்றால் நம் வீடுகளில் ஒரு பெருமூச்சு வரும். நானும் அப்படி விட்டவன்தான். ஆட்டோஇம்யூன் என்செஃபலைட்டிஸ், அதாவது உடலின் எதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்கும் நோய், பற்றிய கட்டுரைகளை வரிசையாக வாசித்தபிறகு அவ்வளவு நிம்மதியாக விட முடியவில்லை.

1960-ல் பிரையர்லியும் அவரது சகாக்களும் மூன்று நோயாளிகளை விவரித்தார்கள். நினைவு, உணர்ச்சி சார்ந்த லிம்பிக் பகுதியில் அழற்சி. ஸ்கேன் இல்லாத காலம் அது. இறந்தபின் மூளையை அறுத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். பிற்பாடு எம்.ஆர்.ஐ. வந்தது. அதே இடம், இரண்டு பக்கமும், படத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. நோய் என்றால் படத்தில் தெரியும் என்ற எண்ணம் இப்படித்தான் ஊறிப்போயிருக்க வேண்டும்.

2007-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹோசப் தல்மாவு குழு 12 பெண்களைப் பற்றி எழுதியது. எல்லோருக்கும் டெரடோமா என்ற கட்டி, கூடவே மூளையின் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளுக்கு எதிரான ஆன்டிபாடி. அடுத்த வருஷம் 100 பேரைப் பார்த்தார்கள். எம்.ஆர்.ஐ.யில் கோளாறு தெரிந்தது 55 பேருக்குத்தான். ஈ.ஈ.ஜி. எடுத்த 92 பேருக்கும் அதில் கோளாறு இருந்தது.

ஏன் இப்படி? இந்த ஆன்டிபாடி நரம்புச் செல்லைக் கொல்வதில்லை. மேற்பரப்பில் இருக்கும் ஏற்பிகளை உள்ளே இழுத்துவிடுகிறது, அவ்வளவுதான். வீடு இடியவில்லை, ஃபியூஸ் போயிருக்கிறது. வெளியே நின்று போட்டோ எடுத்தால் என்ன தெரியும்? ஆனால் ஃபியூஸைத் திரும்பப் போடலாம் இல்லையா, குணமாகும் வாய்ப்பும் அங்கேதான் இருக்கிறது.

2009-ல் நியூயார்க்கில் சூசன்னா கஹலன் என்ற 24 வயதுப் பத்திரிகையாளருக்கு மூளை ஸ்கேன் நார்மல். டாக்டர் சுஹைல் நஜ்ஜார் ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். எல்லா எண்களையும் வலது பாதியிலேயே நெருக்கி எழுதினார் அவர். இயந்திரம் காட்டாததை ஒரு காகிதம் காட்டியது. அவர் மீண்டு வந்து புத்தகமே எழுதினார்.

2013-ல் 577 பேரின் ஆய்வு வந்தது. எம்.ஆர்.ஐ. கோளாறு சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான். இரண்டு வருஷத்தில் 81 சதவீதம் பேர் நல்ல நிலைக்கு வந்திருந்தார்கள். சீக்கிரம் சிகிச்சை கிடைத்தவர்களுக்குப் பலன் கூடுதல். அதே வருஷம் பெர்லினில் 24 பேருக்கு, மூளைப் பகுதிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதை அளக்கும் ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். வழக்கமான ஸ்கேனில் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாதவர்களிடம்கூட, நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸின் இணைப்புகள் தளர்ந்திருந்தன.

அப்போ சாதாரண ஸ்கேன் வேஸ்ட்டா? அதுவும் இல்லை. 2019-ல், ஒரு வருஷம் கழித்து நோயாளி எப்படி இருப்பார் என்று கணிக்க ஐந்து அம்சங்கள் கொண்ட மதிப்பெண் முறை ஒன்று வந்தது. எம்.ஆர்.ஐ. கோளாறு அதில் ஒன்று. நான்கு வாரத்துக்கு மேல் தள்ளிப்போன சிகிச்சை இன்னொன்று.

நான் இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருந்தேன். "எப்படிக் குணமாகும்?" என்பதற்கு நார்மல் ஸ்கேன் ஒரு நல்ல சகுனம். "நோய் இருக்கா?" என்பதற்கு அது பதிலே இல்லை. அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால், அந்த நான்கு வாரம் சத்தமில்லாமல் கரைந்துவிடும்.