மடியில் ஒரு கிதார்

இருபது வருஷமாகக் கிதார் வாசித்து வருகிறேன். 'வாசித்து' என்பதைவிட 'வைத்திருந்து' என்பது பொருத்தமாக இருக்கும் என்பது என் மனைவியின் அபிப்பிராயம். எப்படியானாலும், நாலு பேர் நடுவில் கூச்சமில்லாமல் நாலு பாட்டு வாசிக்கும் அளவுக்கு இடது கை பழகியிருந்தது. அந்தத் தைரியத்தில் போன வருஷம் ஒரு புது ஆசை பிடித்துக்கொண்டது. கிதாரை மடியில் படுக்க வைத்து, தந்திகளின்மேல் ஓர் எஃகுத் துண்டை நகர்த்தி வாசிக்கிறார்களே, அந்த 'லாப் ஸ்டீல்' வேண்டும் என்ற ஆசைதான்.

கடைக்காரர் பளபளவென்று ஒன்றை எடுத்துக் காட்டினார். விலையைக் கேட்டுவிட்டு, நல்ல வேளையாக, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சிறு வயதில் இந்த வாத்தியத்தை வாசித்தவர். அவரிடம் போனேன்.

"காசைக் கரியாக்காதீங்க சார். உங்க கிதாரையே கொண்டு வாங்க" என்றார்.

கொண்டுபோனேன். கழுத்தின் உச்சியில் தந்திகள் உட்காரும் பள்ளத்தின்மேல் ஒரு சிறு உலோகத் தகட்டை மாட்டினார். தந்திகள் பலகையை விட்டு உயரமாக எழும்பி நின்றன. இனி எந்த விரலாலும் அவற்றை அழுத்த முடியாது. பிறகு சுருதியை மாற்றினார். ஆறு தந்தியையும் சும்மா தடவினாலே ஒரு முழு மேஜர் கார்டு கேட்டது. என் கையில் ஓர் இரும்புத் துண்டைக் கொடுத்து, "இப்ப இது ஹவாய் கிதார்" என்றார்.

நூற்று முப்பது வருஷத்துக்கு முன்பு ஒரு பையன் செய்ததும் ஏறக்குறைய இதுவேதான். ஹவாய்த் தீவுகளில் ஓவாஹு என்ற தீவிலுள்ள லாயியே கிராமத்தில் பிறந்தவன் ஜோசப் கெகூகு. ரயில் பாதை ஓரம் நடந்தபோது கண்டெடுத்த மரையாணி தற்செயலாகத் தந்தியில் உராய்ந்தது என்று ஒரு கதை. சீப்பு நழுவித் தந்தியில் விழுந்தது என்று இன்னொரு கதை. எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. தற்செயலாகத் தந்தியில் உராயாத பொருள் உலகில் உண்டா? 1889-ஐ ஒட்டி, ஹொனலூலுவில் கமேஹமேஹா பள்ளியில் படித்த நாட்களில், அந்தப் பையன் அந்த ஓசையை விடாமல் துரத்தினான். பள்ளியின் தொழிற்கூடத்திலேயே தனக்கு வேண்டிய எஃகுத் துண்டை வார்த்துக்கொண்டான். கதையில் எனக்குப் பிடித்த இடம் அந்தத் தொழிற்கூடம்தான்.

வேறொரு பெயரும் அடிபடுகிறது. கேப்ரியல் தாவியன் என்ற ஒருவர், இந்தியாவில் பிறந்து கப்பலில் ஹவாய்க்கு வந்து சேர்ந்தவர், கெகூகுவுக்கு முன்பே இப்படி வாசித்தார் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. தஞ்சை மாவட்டத்துக்காரர்களுக்கு உடனே திருவிடைமருதூர் சகாராம ராவின் கோட்டுவாத்தியம் நினைவுக்கு வரும். எனக்கும் வந்தது. மெட்டே இல்லாத வீணைமேல் கட்டையை உருட்டி வாசிக்கிற வித்தை நம்மிடமும் இருந்தது என்பது உண்மை. அது கடல் தாண்டி ஹவாய்க்குப் போனது என்று மார்தட்டுவதற்கு மட்டும் ஆதாரம் போதாது. ஆசை இருக்கிறது என்பதற்காகச் சரித்திரத்தை வளைக்க முடியுமா?

அந்தப் பையன் வளர்ந்த காலத்தில் அவனுடைய தேசம் கைமாறிக்கொண்டிருந்தது. 1893-ல், அமெரிக்கக் கடற்படை வீரர்கள் கரையிறங்கி நிற்க, வெள்ளைக்கார வியாபாரிகளும் தோட்ட முதலாளிகளும் சேர்ந்து லிலியுவோகலானி ராணியைச் சிம்மாசனத்திலிருந்து இறக்கினார்கள். 1896-ல் பள்ளிகளில் ஆங்கிலமே போதனா மொழி என்று சட்டம் வந்தது. 1898-ல் அமெரிக்கா தீவுகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. எந்த நாட்டின் மொழியைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே நிறுத்தினார்களோ, அந்த நாட்டின் சங்கீதத்துக்கு அமெரிக்கா சொக்கிப் போயிற்று! 1912-ல் நியூயார்க்கில் 'சொர்க்கப் பறவை' என்ற ஹவாய் நாடகம் அரங்கேறியது. 1915-ல் ஸான் பிரான்ஸிஸ்கோ பொருட்காட்சியில் ஹவாய் மண்டபத்தில் கூட்டம் நெரிந்தது. அடுத்த வருஷம் ஹவாய் இசைத்தட்டுகள் அமோகமாக விற்றன. கெகூகு 1904-லேயே ஊரை விட்டுக் கிளம்பியிருந்தார். பின்னால் அந்த நாடகத்தோடு ஐரோப்பாவெல்லாம் சுற்றினார்.

பிறகு வியாபாரிகள் விழித்துக்கொண்டார்கள். கிளீவ்லாந்து நகரத்து ஓவாஹு கம்பெனி, பாடத்தையும் வாத்தியத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி விற்றது. வீடு வீடாக ஏறி, உங்கள் குழந்தைக்குச் சங்கீத ஞானம் இருக்கிறது அம்மா என்று தாய்மார்களிடம் சொல்லுகிற தொழில் எவ்வளவு சுலபம் என்று யோசித்துப் பாருங்கள். எந்தத் தாய் மறுப்பாள்? முதலில் சாதாரண மரக் கிதார். பையன் கொஞ்சம் தேறியதும் மேலான ரகம்.

ஆனால் மர வாத்தியத்தின் சத்தம் சபையில் எடுபடவில்லை. ஜார்ஜ் போஷாம்ப் என்ற டெக்ஸாஸ்காரர், தாமே ஸ்டீல் வாசிக்கிறவர், இந்தக் குறையோடு மல்லுக்கு நின்றார். தந்திக்குமேல் லாட வடிவக் காந்தத்தை வளைத்து வைத்து, அடியில் கம்பிச் சுருளை அமைத்து, தந்தியின் அதிர்வையே மின்சாரமாக்கினார். அலுமினியத்தில் வார்த்த வட்ட உடலும் நீண்ட கழுத்துமாக இருந்ததால் அதற்கு வாணலி என்றே பெயர் விழுந்தது. ரிக்கன்பேக்கரோடு கூட்டுச் சேர்ந்து 1932-ல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கடையில் விற்க வந்த முதல் மின்சாரக் கிதார் தோளில் மாட்டுகிற ரகமல்ல, மடியில் கிடக்கிற ரகம்! மேடை விளக்கின் சூட்டில் அலுமினியம் விரிந்து சுருதி கலைந்துவிடும் என்பது அதன் தீராத வியாதி. காப்புரிமை கைக்கு வந்தது 1937-ல். அதற்குள் மற்றவர்களும் மின்சாரக் கிதார் செய்யத் தொடங்கிவிட்டார்கள்.

என் கதைக்கு வருகிறேன். இரும்புத் துண்டோடு மூன்று மாதம் போராடினேன். ஒவ்வொரு ஸ்வரமும் ஒரு நூல் இறங்கியே ஒலித்தது. காதில் கோளாறோ என்று பயந்தேன். பெரியவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். கிதார் வாசிக்கிறவன் உலோக மெட்டுக்குச் சற்றுப் பின்னால் விரலை அழுத்துவான். மீதியை மெட்டு பார்த்துக்கொள்ளும். இங்கே மெட்டு வெறும் அடையாளக் கோடு. எஃகு நேராகக் கோட்டின் தலைமேலேயே நிற்க வேண்டும். என் கையோ இருபது வருஷப் பழக்கத்தில் கோட்டுக்குப் பின்னாலேயே போய் நின்றது.

"ஒண்ணும் தெரியாதவன் ஒரு வாரத்திலே பிடிச்சுக்குவான் சார். உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றார்.

அது போகப் போகச் சரியாயிற்று. பிறகுதான் வாங்கினேன், பழசு, ஆறு தந்தி, இருபத்திரண்டரை அங்குல நீளத் தந்தி. எட்டுத் தந்தி வாத்தியத்தைக் கடைக்காரர் மறுபடியும் சிபாரிசு செய்தார். பெரியவர் கூடவே வந்திருந்ததால் தப்பித்தேன்.

கெகூகு தம் கடைசிக் காலத்தில் அமெரிக்காவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். 1932 ஜனவரியில் நியூ ஜெர்ஸியில் இறந்தார். வாணலி கடைக்கு வந்ததும் அதே வருஷம்தான்.