தனுஷ்கோடிக்கு முன்னால ஒரு 'கேம்ப்'

ராமநாதபுரத்துலேர்ந்து தனுஷ்கோடிக்கு காரில் போறவங்க, உச்சிப்புளி தாண்டினதும் 'மண்டபம் கேம்ப்'ங்கிற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீங்க. பாம்பன் பாலத்துல போட்டோ எடுக்கிற அவசரத்துல யாரும் அங்க நிக்கிறதில்ல. நானும் நண்பனும் மதுரை, ராமநாதபுரம் அரண்மனை எல்லாம் பார்த்துட்டு அந்த வழியா போனப்ப அவன் கேட்டான்: "அது என்னடா கேம்ப்? மிலிட்டரியா?"

மிலிட்டரி இல்லீங்க, குவாரண்டைன். கொரோனா சமயத்துல நாம எல்லாரும் கத்துக்கிட்ட அதே வார்த்தைதான்.

19-ம் நூற்றாண்டுல இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன நம்ம ஆட்கள், இந்தக் கரையிலிருந்து தோணியில் மன்னார் பக்கம் இறங்கி, காட்டு வழியா மாத்தளை வரைக்கும் நடந்தாங்க. காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவங்க ஏராளம்.

1914-ல் பாம்பன் ரயில் பாலம் வந்தது. எழும்பூர்ல ஏறினா தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி கொழும்புக்கு ரயில். அதுதான் போட் மெயில். கடல் தூரம் சுமார் 30 கி.மீ. மட்டுமே.

ஆள் வேகமா போனா நோயும் வேகமா போகும். இலங்கை அரசு பயந்தது. அதனால இந்திய மண்ணுல, மண்டபத்துல, அவங்களே ஒரு முகாம் நடத்தினாங்க. தோட்டத் தொழிலாளர்களை சுமார் ஒரு வாரம் நிறுத்தி வச்சு, அம்மை குத்தி, பின்னாளில் கொக்கிப்புழுவுக்கு மருந்தும் கொடுத்து அனுப்பினாங்க.

ஏன் ஒரு வாரம்? காலரா தொத்தினா சில மணி நேரத்துலேர்ந்து 5 நாளுக்குள்ள பேதி ஆரம்பிச்சிடும். பிளேக் பெரும்பாலும் 7 நாளுக்குள்ள தெரிஞ்சிடும். பெரியம்மை வெளியே தெரிய கிட்டத்தட்ட 2 வாரம் ஆகும், ஒரு வாரம் பத்தாது. அதுக்குத்தான் தடுப்பூசி. மருத்துவக் கணக்கு பக்கா.

ஆனா கணக்கு யாருக்காக? கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சும், சோகை வரும், சோகை வந்தவங்களால மலையேறி கொழுந்து பறிக்க முடியாது. மருந்து கொடுத்து அனுப்பினாலும், கழிப்பறை இல்லாத லயத்துல வெறுங்காலோட நடந்தா அதே புழு திரும்ப ஏறிக்கும். என்னைக் கேட்டா, அது தொழிலாளிக்கான வைத்தியத்தை விட தோட்டத்துக்கான வைத்தியம்.

இப்ப 1964-க்கு வாங்க. அக்டோபர் 30, சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா ஏத்துக்கணும்னு முடிவாச்சு. அதுல எத்தனையோ பேர் இலங்கையிலேயே பிறந்தவங்க, இந்தியாவைப் பார்த்ததே இல்ல.

சரியா 53-வது நாள், டிசம்பர் 22 நள்ளிரவு, புயல். பாம்பன்லேர்ந்து தனுஷ்கோடிக்கு வந்துக்கிட்டிருந்த பாசஞ்சர் ரயிலை 100-க்கும் மேற்பட்ட பயணிகளோட கடல் கொண்டுபோச்சு. ஊரும் போச்சு. பாம்பன் பாலத்தை ஈ. ஸ்ரீதரன் குழு 46 நாள்ல சரி பண்ணிடுச்சு, தனுஷ்கோடி ரயில் பாதையை மட்டும் திரும்பப் போடவே இல்ல.

அதனால திரும்பி வந்தவங்க கப்பல்ல வந்து இறங்கினது ராமேஸ்வரத்துல. அங்கேர்ந்து கூட்டிட்டுப் போனது? மண்டபம் கேம்ப். தாத்தா பாட்டி அம்மை குத்திக்கிட்டுப் போன அதே இடம். இவங்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் நீலகிரியில அரசுத் தேயிலைத் தோட்டம் ஆரம்பிச்சாங்க, இன்னைக்கு நீங்க கேள்விப்படுற 'டான்டீ'. நாட்டை மாத்தியும் கொழுந்துக் கூடை மாறல.

1983-க்கு அப்புறம் அதே முகாமுக்குப் போர் அகதிகள் வந்தாங்க.

2017-லேர்ந்து அரிச்சல்முனை வரைக்கும் நல்ல தார்ரோடு இருக்கு. அங்க நின்னு நண்பன் செல்ஃபி எடுத்துக்கிட்டிருந்தப்ப, எதிரே இருக்கிற மணல்திட்டுகளைக் காட்டினேன். 2022 மார்ச்சுல, இலங்கையில் அரிசியும் பால்மாவும் வாங்க முடியாம படகேறின குடும்பங்களை, கைக்குழந்தையோட அங்கதான் இறக்கி விட்டுட்டுப் போனாங்க. விசாரணைக்கு அப்புறம் அவங்களைத் தங்க வச்சதும் மண்டபம் கேம்ப்லதான்.