எக்ஸ்ரர் திறந்து வைத்த கதவு

உப்புவெளிக்கும் சீனக்குடாவுக்கும் அதிக தூரமில்லை. ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளில் 99 இன்றும் சீனக்குடாவில் நிற்கின்றன. ஆயினும் 2022 இல், திருகோணமலையிலும் ஏனைய கரையோரங்களிலும் மீனவர் படகை இறக்க மண்ணெண்ணெய் இன்றித் தவித்தனர். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் 340 ரூபாவாயிற்று. நாட்டில் தாங்கிகளுக்குப் பஞ்சமில்லை. எண்ணெய் வாங்க அந்நியச் செலாவணிதான் இல்லை. இந்த வீழ்ச்சியைப் புரிந்துகொள்ள, மறக்கப்பட்ட ஒரு பொருளியலாளரின் வாழ்க்கை நமக்கு உதவும்.

1884 இல் ஒறியன்ரல் வங்கி முறிந்தபோது அதன் நோட்டுகளை வைத்திருந்த இலங்கை மக்கள் கலங்கினர். அரசாங்கம் அந்நோட்டுகளுக்கு உத்தரவாதம் அளித்தது. பின்னர் நோட்டு வெளியிடும் பொறுப்பை நாணய ஆணையாளர் சபையிடம் ஒப்படைத்தது. கையிருப்புச் சொத்துகளின் அளவுக்கே சபை நோட்டு வெளியிடலாம். இம்முறையில் கட்டுப்பாடு இருந்தது. ஆனால், நெருக்கடியில் வங்கிகளுக்குக் கைகொடுப்பாரில்லை.

சுதந்திரத்தின் பின் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன, மத்திய வங்கி அமைப்பதற்கு ஆலோசனை கோரி அமெரிக்க பெடரல் றிசேர்வின் பொருளியலாளர் ஜோன் எக்ஸ்ரரை அழைத்தார். எக்ஸ்ரரின் அறிக்கை 1949 நவம்பரில் வெளிவந்தது. அதன் அடிப்படையில் 1949 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்க நாணய விதிச் சட்டம் இயற்றப்பட்டது. 1950 ஓகஸ்ட் 28 இல் வங்கி தொடங்கியபோது அவரே முதல் ஆளுநரானார். 1953 வரை பதவி வகித்தார்.

அவரது சட்டம் அரசுக்குக் கடன் கொடுக்க ஒரு கதவைத் திறந்து வைத்தது. மதிப்பிடப்பட்ட வருமானத்தில் நூற்றுக்குப் பத்து வரை தற்காலிக முற்பணம் வழங்கலாம். திறைசேரி உண்டியல்களை வாங்கவும் வழி இருந்தது. இளம் தேசத்துக்கு அந்த நெகிழ்ச்சி தேவைப்பட்டது என்பதை மறுக்க முடியாது. ஆனால் கதவைக் காப்பவர்களின் கண்டிப்பிலேயே எல்லாம் தங்கியிருந்தது.

நியூயோர்க் பெடரல் றிசேர்வ் வங்கியில் சர்வதேச வங்கித் துறையைக் கவனித்த எக்ஸ்ரர், பின்னர் தனியார் வங்கியொன்றுக்குச் சென்றார். கடன்களாலான தலைகீழ்ப் பிரமிட்டைத் தங்கமே தாங்குகிறது என்ற அவரது கருத்து புகழ்பெற்றது. மத்திய வங்கியைக் கட்டியவரே இறுதியில் தங்கத்தை நம்பினார் என்பது வரலாற்றின் விசித்திரம்.

2019 இன் வரிக்குறைப்பு, பெருந்தொற்று, கடன்சுமை ஆகியன ஒன்றுசேர, மத்திய வங்கி அரசின் திறைசேரி உண்டியல்களைப் பெருமளவில் வாங்கியது. ரூபாவின் பெறுமதியையும் செயற்கையாகக் கட்டிவைத்தது. 2022 ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவு நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு செப்ரெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. 2023 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம், எக்ஸ்ரரின் சட்டத்தை நீக்கி, அரசுக்கு நேரடியாக நிதியளிப்பதைத் தடைசெய்தது.

எழுபத்து மூன்று ஆண்டுகளின் பின் கதவு மூடப்பட்டது. அது திறந்தே கிடந்ததன் விலையைக் கொடுத்தவர்கள் கொழும்பின் அலுவலகங்களில் இருந்தவர்கள் மட்டுமல்லர். கடலுக்குப் போக முடியாத கரையோர மீனவரும் அதைக் கொடுத்தனர். சட்டம் மாறிவிட்டது, அதைக் காப்பவர்கள் மாறியிருக்கிறார்களா என்பதை அடுத்த நெருக்கடியே சொல்லும்.