கடல் கடக்கும் பெற்றோரும் மருத்துவக் காப்புறுதியும்

பிள்ளைகள் அனைவரும் வெளிநாட்டில் இருக்க, முதிய பெற்றோர் மட்டும் வீட்டைக் காத்திருக்கும் நிலை பருத்தித்துறையில் இன்று புதுமையானதன்று. 1983ஆம் ஆண்டின் பின்னர் இங்கிருந்து புறப்பட்ட தலைமுறை கனடாவிலும் ஐரோப்பாவிலும் வேரூன்றிவிட்டது. அப்பிள்ளைகள் தமது பெற்றோரைச் சில காலமாவது உடன் வைத்திருக்க விரும்பும்போது, விசாவுடனும் விமானச்சீட்டுடனும் மருத்துவக் காப்புறுதி என்னும் மூன்றாவது தேவையும் எழுகின்றது. விண்ணப்பத்துடன் இணைக்கவேண்டிய இன்னொரு கடதாசி என்றே எம்மவரிற் பலர் இதனைக் கருதுகின்றனர். இவ்வெண்ணம் ஆபத்தானதாகும்.

மந்திகையிலுள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலையில் பணமின்றிச் சிகிச்சை பெற்றுப் பழகியவர்கள் நாம். கனடாவில் நிரந்தரமாக வதிவோருக்கு மாகாண அரசுகளின் மருத்துவக் காப்புறுதி உண்டு. விருந்தினராகச் செல்லும் பெற்றோருக்கு அது கிடையாது. ஒரு மாரடைப்புக்காகச் சில நாட்கள் வைத்தியசாலையில் தங்க நேர்ந்தாலே பிள்ளைகளின் பல வருடச் சேமிப்புக் கரைந்துவிடும்.

இதனாலேயே 2011 டிசம்பரில் கனடா அறிமுகப்படுத்திய 'சுப்பர் விசா'வுக்குக் காப்புறுதி கட்டாயமாக்கப்பட்டது. பெற்றோருக்கும் பேரன் பேர்த்திகளைக் காணச் செல்வோருக்கும் உரிய இவ்விசாவில், 2022 ஜூலை முதல் ஒரு தடவையில் ஐந்து வருடங்கள் வரை தங்கலாம். காப்புறுதித் தொகை ஆகக் குறைந்தது 100,000 கனேடிய டொலராக இருத்தல் வேண்டும். நாட்டினுள் நுழையும் நாளிலிருந்து ஒரு வருடமாவது அது செல்லுபடியாக வேண்டும். சிகிச்சை, வைத்தியசாலை அனுமதி, தாயகம் திருப்பி அனுப்புதல் ஆகிய மூன்றையும் உள்ளடக்க வேண்டும். விலை மதிப்பீட்டுக் கடிதம் மட்டும் ஏற்கப்படமாட்டாது. பணம் முழுமையாகவோ, முற்பணத்துடன் தவணையாகவோ செலுத்தப்பட்டிருத்தல் அவசியம். முன்னர் கனேடிய நிறுவனங்களிடமே காப்புறுதி பெற வேண்டியிருந்தது. 2025 ஜனவரி முதல், கனடாவின் நிதி நிறுவன மேற்பார்வை அலுவலகத்தின் அங்கீகாரம் பெற்ற வெளிநாட்டு நிறுவனங்களின் காப்புறுதியும் ஏற்கப்படுகின்றது.

பிரான்ஸ், ஜேர்மனி, சுவிற்சர்லாந்து முதலிய ஷெங்கன் நாடுகளுக்குக் குறுகிய கால விசாவில் செல்வோர் குறைந்தது 30,000 யூரோவுக்குக் காப்புறுதி செய்ய வேண்டும். அது ஷெங்கன் நாடுகள் அனைத்திலும், தங்கும் காலம் முழுவதும் செல்லுபடியாக வேண்டும். பிரித்தானியாவின் முறை வேறானது. ஆறு மாதங்களுக்கு மேற்பட்ட விசாவுக்கு விண்ணப்பிப்போரிற் பெரும்பாலானோர் சுகாதார மேலதிகக் கட்டணம் செலுத்த வேண்டும். 2015இல் ஆண்டுக்கு 200 பவுணாக இருந்த இக்கட்டணம் 2024 பெப்ரவரியில் 1,035 பவுணாக உயர்ந்தது. மாணவருக்கும் 18 வயதுக்குட்பட்டோருக்கும் 776 பவுண். விசா மறுக்கப்படின் இது திருப்பித் தரப்படும். ஆறு மாத விருந்தினர் விசாவில் செல்வோருக்கு இக்கட்டணமும் இல்லை, இலவச வைத்தியசாலைச் சிகிச்சையும் இல்லை. எனவே சட்டம் கேட்காவிடினும் அவர்கள் காப்புறுதி பெறுவதே புத்திசாலித்தனமாகும்.

நிபந்தனையைப் பூர்த்தி செய்யும் காப்புறுதி எல்லாம் ஆபத்தில் உதவும் காப்புறுதியாகிவிடாது. விசா அதிகாரி தொகையையும் காலத்தையும் பார்க்கின்றார். காப்புறுதி நிறுவனமோ பணம் கொடுக்கவேண்டிய வேளையில் நோயாளியின் பழைய வைத்தியக் குறிப்புகளைப் பார்க்கின்றது. நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், இருதய நோய் இல்லாத முதியவர் எம்மிடையே எத்தனை பேர்? முன்பே உள்ள இத்தகைய நோய்களைச் சில ஒப்பந்தங்கள் முற்றாக விலக்குகின்றன. வேறு சில, புறப்படுவதற்கு முன்னர் 90 நாட்களோ 180 நாட்களோ அந்நோய் மாற்றமின்றி இருந்திருந்தால் மாத்திரமே ஏற்கின்றன. அக்காலத்தில் மாத்திரையின் அளவு கூடினாலோ, புதிய மருந்து சேர்ந்தாலோ, பல ஒப்பந்தங்களில் அளவு குறைந்தாற்கூட, அது மாற்றமாகவே கொள்ளப்படும். இதற்கஞ்சி வைத்தியர் மாற்றிய மருந்தை உட்கொள்ளாது விடுவது அறிவீனம். நிறுவனத்துக்கு அறிவிப்பதும், தேவையெனின் பயணத்தைப் பின்போடுவதுமே முறையாகும்.

கட்டணம் குறையும் என்று எண்ணி நோயை மறைக்குமாறு முகவரோ பிள்ளைகளோ கூறினால் அதற்கு இணங்கலாகாது. மறைத்தது வெளிப்படின் ஒப்பந்தம் முழுவதுமே செல்லாததாகிவிடக்கூடும். கிளினிக் கொப்பியில் உள்ளதை உள்ளவாறே வினாப்பத்திரத்தில் எழுதுவதே பாதுகாப்பு. கட்டணத்தைக் குறைக்க விரும்புவோர், சிகிச்சைச் செலவின் முதற்பகுதியைத் தாமே ஏற்கும் ஒப்பந்தங்களைத் தெரிவு செய்யலாம்.

இவற்றோடு வேறு சிலவும் கவனிக்கத்தக்கவை. விசா மறுக்கப்பட்டாலோ இடையில் நாடு திரும்பினாலோ பணம் எவ்வளவு மீளும் என்பதை முன்னரே கேட்டறிதல் வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் தங்குவோர், காலம் முடியுமுன் காப்புறுதியைப் புதுப்பிக்க வேண்டும். அவசர தொலைபேசி இலக்கத்தை எப்போதும் உடன் வைத்திருப்பது நன்று. வைத்தியசாலையில் அனுமதி பெறுமுன் அறிவிக்காவிடின் கொடுப்பனவைக் குறைக்கும் ஒப்பந்தங்களும் உள.

இனி, தொழில் நிமித்தம் வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் தமிழ், முஸ்லிம் இளைஞர்களைப் பற்றியும் கூறவேண்டும். சவூதி அரேபியாவில் தனியார்துறையில் தொழில்புரியும் வெளிநாட்டவருக்கும், 2013ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி துபாயில் ஊழியருக்கும், மருத்துவக் காப்புறுதி வழங்கும் பொறுப்புத் தொழில்வழங்குநரையே சாரும். அச்செலவைச் சம்பளத்திற் கழிக்க முற்பட்டால் கேள்வி கேட்க உரிமையுண்டு. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்வதாற் கிடைக்கும் காப்புறுதி வேறு, இது வேறு. வழமையான காப்புறுதியை மார்க்க அடிப்படையில் தவிர்க்க விரும்பும் முஸ்லிம்கள் தகாபுல் முறையை நாடலாம். ஆயினும் அப்பத்திரமும் செல்லும் நாட்டின் நிபந்தனைகளுக்கு அமைந்திருத்தல் வேண்டும்.

காப்புறுதி ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. கையொப்பமிடும் முதியவர் அதனை வாசிப்பதில்லை. எனவே எவை விலக்கப்பட்டுள்ளன என்பதை எடுத்து வாசித்து, பெற்றோருக்குத் தமிழில் விளக்க வேண்டியது பிள்ளைகளின் கடமையாகும். எமது வைத்தியசாலைகளும் வெளிநாடு செல்லும் நோயாளருக்கு அவர்தம் நோய், மருந்து, அளவு ஆகியவற்றைத் தெளிவாகக் குறித்த ஆங்கிலச் சுருக்கமொன்றை வழங்க முன்வருமாயின் அது பேருதவியாக அமையும். பிள்ளையைக் காணச் சென்ற பெற்றோர் பிள்ளைக்குக் கடனாளிப் பட்டம் சூட்டித் திரும்பும் நிலையைத் தவிர்க்க, புறப்படுமுன் செலவிடும் இச்சிறு நேரம் போதுமானதாகும்.