பூட்டிய கதவும் இறைசித்தமும்

1958ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், திங்கட்கிழமை. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு முந்திய நாள்தான் கடந்திருந்தது. அமெரிக்க நாட்டின் சிக்காகோ நகரில், வானதூதர்களின் அன்னை என்னும் பெயர் கொண்ட பங்கின் பள்ளியில் பிள்ளைகள் வீடு திரும்பும் நேரத்தை எதிர்நோக்கி அமர்ந்திருந்தனர். பள்ளி முடியச் சிறிது நேரமே இருந்தது. அப்போது அடித்தளத்தில், படிக்கட்டின் காலடியில் வைத்திருந்த அட்டைக் குப்பைத் தொட்டியொன்றில் தீப்பற்றியது. அன்று மாலையும் அதைத் தொடர்ந்த மாதங்களிலுமாக 92 பிள்ளைகளும் மூன்று அருட்சகோதரிகளும் மாண்டனர்.

இந்த நிகழ்ச்சியைக் கத்தோலிக்கராகிய நாம் மறந்துவிட்டோம் என்றே எண்ணுகிறேன். திருச்சபை வரலாறு என்றால் பொதுச்சங்கங்களையும் மறைச்சாட்சிகளையும் கற்கிறோம். ஒரு பங்குப் பள்ளியின் படிக்கட்டும் திருச்சபை வரலாறுதான். சிறுவர் பள்ளியோ மழலையர் காப்பகமோ நடத்தும் எந்தப் பங்கும் அந்தப் படிக்கட்டைக் கூர்ந்து பார்க்க வேண்டும்.

கட்டடம் 1910இல் எழுந்தது. வெளிச்சுவர் செங்கல், உள்ளே படிகள், தளம், மேற்கூரை யாவும் மரம். பல ஆண்டுகளாகத் தரைக்கு மெழுகெண்ணெய் பூசிப் பளபளப்பாக வைத்திருந்தனர். கீழ்த்தளத்தில் படிக்கட்டுக்கும் நடைக்கும் இடையே கதவு இருந்தது. ஆகவே கீழ்த்தளத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் தப்பினர். மேல்தளத்தில் அந்த இடத்தில் கதவு இல்லை. படிக்கட்டே புகைபோக்கியாகி, நச்சுப்புகையையும் அனலையும் மேல்தள நடைக்குள் கொட்டியது. வகுப்பறைக் கதவைத் திறந்த ஆசிரியைகள் வழி அடைபட்டதைக் கண்டு மீண்டும் மூடினர். எஞ்சியது சன்னல் மட்டுமே. சன்னலோ தரையிலிருந்து ஏறத்தாழ 25 அடி உயரம்.

ஒத்திகை நடத்தாத பள்ளி என்று அதைச் சொல்ல முடியாது. மணி அடித்ததும் வரிசையாக நடையில் இறங்கி வெளியேறப் பிள்ளைகள் பழகியிருந்தார்கள். நடையே புகையால் நிறைந்தால் என்ன செய்வது என்பதை அந்த ஒத்திகை கேட்கவில்லை.

அந்நாளின் சிறு சிறு செய்திகளே நெஞ்சை அறுக்கின்றன. புகையை முதலில் உணர்ந்த ஆசிரியை ஒருவர் தலைமை அருட்சகோதரியைத் தேடி அலுவலகத்துக்கு விரைந்தார். அவருடைய அனுமதியின்றி அபாய மணியை இயக்கலாகாது என்பது அங்கே ஒழுங்கு. தலைமைச் சகோதரியோ விடுப்பில் இருந்த ஓர் ஆசிரியைக்குப் பதிலாக வேறொரு வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஆசிரியை திரும்பிவந்து, பக்கத்து வகுப்பு ஆசிரியையுடன் சேர்ந்து இரு வகுப்புப் பிள்ளைகளையும் அனுமதிக்குக் காத்திராமல் வெளியே அழைத்துச் சென்றார். அவர்களை ஆலயத்தில் விட்டபின் வந்துதான் மணியை இயக்கினார். அந்த மணியும் பள்ளிக்குள் மட்டுமே ஒலிக்கும். தீயணைப்பு நிலையத்தோடு அதற்குத் தொடர்பில்லை. தொலைபேசியில் சொல்லப்பட்டது பங்கு இல்லத்தின் முகவரி; ஆகவே முதல் வண்டி வேறு தெருப் பக்கம் வந்து நின்றது. முற்றத்தின் இரும்பு வாயில் பூட்டியிருந்தது. அதை உடைப்பதிலும் நிமிடங்கள் கழிந்தன.

ஒரு வகுப்பறையின் பின்பக்கத்தில் அவசரப் படிக்குச் செல்லும் கதவு ஒன்று இருந்தது. அதுவும் பூட்டியிருந்தது. அன்று சகோதரியின் கையில் சாவி இல்லை. புகைக்குள் பிள்ளைகளைச் செபமாலை சொல்ல வைத்துக்கொண்டிருந்தார் என்கிறார்கள். பள்ளிக் காவலர் சாவியோடு படியேறி வந்தார். பங்கின் குருவானவர் ஒருவரும் உடன் வந்து உதவினார். கதவு திறந்தது; அந்த அறைப் பிள்ளைகள் பிழைத்தனர். அதே மேல்தளத்தின் மற்ற அறைகளில் பிள்ளைகள் மேசையிலும் சன்னலடியிலும் குவியலாகக் கிடந்தனர். அந்த அறைகளிலும் செபம் சொன்னார்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

இனி நான் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். திருத்தந்தை 23ஆம் அருளப்பர் இரங்கல் செய்தி விடுத்தார். அவர் திருத்தந்தையாகத் தேர்வாகி அப்போது ஐந்து வாரங்களே ஆகியிருந்தன. நாடே அழுதது. ஆனால் பிழைத்த பிள்ளைகள் வளர்ந்து, முதியவர்களாகிச் சொன்ன நினைவுகளில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது: இது இறைவனின் சித்தம், இனி இதைப்பற்றிப் பேசாதே என்று வீட்டிலும் பள்ளியிலும் அவர்களிடம் சொல்லப்பட்டது. ஆறுதலாகச் சொன்னார்கள் என்பதில் ஐயமில்லை. துயரத்தில் வாய்க்கு வரும் சொல் அது. நம் ஊர் இழவு வீடுகளிலும் நாள்தோறும் கேட்கும் சொல்தான்.

மறையியல் வகுப்பில் எங்களுக்கு முதலாண்டிலேயே கற்பித்த வேறுபாடு ஒன்று உண்டு. இறைவன் விரும்புவது வேறு, அவர் அனுமதிப்பது வேறு. மூன்றாவது ஒன்றும் உண்டு. அதைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம்: மனிதர் செய்யத் தவறியது. திருப்பலித் தொடக்கத்தில் மார்பில் தட்டிக்கொண்டு அறிக்கையிடும்போது சிந்தனை, சொல், செயல் ஆகியவற்றோடு நிறுத்தாமல், செய்யாமல் விட்டதையும் சேர்த்தே சொல்கிறோம். படிக்கட்டின் மேல்தளத்தில் கதவு வைக்காதது இறைவனின் சித்தம் அன்று. அதற்கு விலை உண்டு, தச்சர் உண்டு, பொறுப்பானவர் உண்டு. "இறைசித்தம்" என்னும் போர்வையை அதன்மேல் விரித்துவிட்டால், அடுத்த பள்ளியின் படிக்கட்டுக்கும் கதவு வராது.

சிக்காகோவில் சட்டம் இல்லாமற் போகவில்லை. 1949இலேயே நகராட்சி கடுமையான விதிகளை இயற்றியிருந்தது. ஆனால் அவை புதிய கட்டடங்களுக்கு மட்டும், பழையவற்றுக்கு விலக்கு. ஆகவே தீ எழுவதற்குச் சில வாரங்களுக்கு முன் சோதிக்க வந்தவர்களுக்கு அப்பள்ளியில் சட்டப்படி குறை ஏதும் தெரியவில்லை. தாளில் அது தகுதியான கட்டடம். அந்தத் தீக்குப்பின் விலக்குகள் நீங்கின. ஓராண்டுக்குள் அந்நாட்டில் ஏறத்தாழ 16,500 பழைய பள்ளிக் கட்டடங்கள் திருத்தப்பட்டன என்று கணக்குச் சொல்கிறார்கள். நிபுணர்கள் கண்டு சொன்னவற்றில் புதியது எதுவும் இல்லை. 1883இலேயே இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகர அரங்கொன்றில், உட்புறமாகத் திறந்து தாழிட்டிருந்த கதவின் முன் 183 சிறுவர் நெருக்கி மாண்டிருந்தனர்.

நம் மண்ணுக்கு வருவோம். 2004 ஜூலை 16, கார்மேல் அன்னையின் திருநாள். கும்பகோணத்தில் சத்துணவுச் சமையலில் எழுந்த தீ கூரைக்குத் தாவி, மாடியில் இருந்த தொடக்க வகுப்புகளின் மேல் கீற்றாக எரிந்து விழுந்தது. 94 குழந்தைகள் மாண்டனர். கூரை, ஒடுங்கிய படி, நெரிசல் என்று நீதிபதி சம்பத் ஆணையத்தின் முன் வந்த செய்திகளை அறியாத தமிழர் இல்லை. விரித்துரைக்க மனம் வரவில்லை. அவ்விபத்தையொட்டி எழுந்த வழக்கில் 2009 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம், கல்வி பெறும் உரிமையில் பாதுகாப்பான பள்ளியைப் பெறும் உரிமையும் அடங்கும் என்று தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்பு வந்து இரண்டு மாதம் நிறையுமுன், சூன் 5ஆம் நாள், மெக்சிகோ நாட்டின் எர்மோசியோ நகரில் மழலையர் காப்பகம் ஒன்று எரிந்தது. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. பள்ளிப் பிள்ளை ஓடும், சன்னலில் ஏறும், கத்தும். காப்பகத்தில் இருந்தவர்கள் சில மாதக் குழந்தை முதல் ஐந்து வயதுப் பிள்ளை வரை. பிற்பகல் மூன்று மணியளவு, பகலுறக்க வேளை. காப்பகம் முன்னர் கிடங்காக இருந்த கட்டடம். ஒட்டிய பகுதியில் அரசுத் துறை ஒன்றின் தாள்களை அடுக்கி வைத்திருந்த கிடங்கில் தீப்பிடித்து, கூரைக்கும் உள்கூரைக்கும் இடையே யார் கண்ணிலும் படாமல் ஊர்ந்தது. வெப்பத்தைத் தடுக்கப் பூசிய செயற்கை நுரை உருகித் தொட்டில்கள்மேல் சொட்டியது. பயன்பட்டது ஒரே வாசல். அவசர வழி அடைபட்டிருந்தது. அக்கம்பக்கத்தார் ஓடிவந்தனர், இளைஞர் ஒருவர் தம் வண்டியைப் பின்னும் முன்னுமாக ஓட்டிச் சுவரில் மோதித் துளையிட்டார். 49 குழந்தைகள் மாண்டனர். அரசின் சமூகக் காப்பீட்டு நிறுவனத்துக்காக நடந்த காப்பகம் அது. அதன் சோதனைகளில் தேறியிருந்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் தெருவில் நின்று போராடியதன் பயனாக 2011 அக்டோபரில் காப்பகங்களுக்கான பொதுச்சட்டம் பிறந்தது. மக்கள் அதைச் "சூன் 5 சட்டம்" என்றே அழைக்கின்றனர்.

இரண்டு ஊர், இரண்டு மொழி, ஐம்பது ஆண்டு இடைவெளி. இரண்டிலும் தாள் சரியாக இருந்தது.

இனிப் பிழைத்த கதை ஒன்று. 2011 மார்ச் 11, பிற்பகல் 2.46. ஜப்பான் கடலோரம் நிலநடுக்கம், பின்னே ஆழிப்பேரலை. இவாத்தே மாவட்டத்தில் நோதா என்னும் சிற்றூரின் காப்பகம் அலையில் அழிந்தது. அதிலிருந்த சுமார் 90 குழந்தைகளும் பணியாளர்களும் உயிரோடு மேட்டை அடைந்தனர். வியப்பான செயல் எதுவும் அங்கே நிகழவில்லை. ஜப்பானில் காப்பகங்கள் மாதம் ஒருமுறையேனும் வெளியேறும் ஒத்திகை நடத்த வேண்டும் என்பது 1948 முதல் விதி. நோதாவில் அந்த விதியைத் தாளோடு விடாமல், மாதந்தோறும் குழந்தைகளோடு அந்த வழியில் நடந்து பார்த்திருந்தார்கள். ஓடினால் விழுவார்கள் என்பதால் வேகமாக நடக்கப் பழக்கினார்கள். அந்த வேகநடையே பின்னர் அந்நாட்டில் ஒரு சிறுவர் படக்கதையாயிற்று. கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொள்ளும் துணிப்பட்டையும், ஐந்தாறு தவழும் பிள்ளைகளை நிறுத்தித் தள்ளிச்செல்லும் வண்டியும் ஜப்பானியக் காப்பகங்களில் அன்றாடப் பொருள்கள்.

அந்த வண்டியைப் பற்றி நாம் சற்று யோசிக்க வேண்டும். ஒரு பெண் இரு கைகளிலும் இரண்டு கைக்குழந்தைகளைத் தூக்கலாம். எட்டுக் குழந்தைகளுக்கு இருவர் இருந்தால் ஒவ்வொருவரும் இருமுறை போய்வர வேண்டும். இரண்டாம் முறைக்குப் புகை இடம் தராது. முதுகில் ஒன்று, வண்டியில் ஐந்து என்றால் ஒரே நடை. காப்பகத்தின் திட்டம் இந்தக் கூட்டல் கழித்தலில்தான் தொடங்குகிறது. தீயணைப்புக் கருவியைச் சுவரில் மாட்டுவதில் அன்று. நடக்க இயலாதவர்களைத் தரைத்தளத்தில், வாசலுக்கு அருகில் வைப்பதும் இதே கணக்குத்தான். நம் ஊரில் பல இடங்களில் நடக்கும் பிள்ளைகள் கீழே விளையாட, தொட்டில்கள் "அமைதிக்காக" மாடிக்குப் போய்விடுகின்றன.

கதவைப் பூட்டுவதற்குக் காரணம் உண்டு என்பதை மறுக்கவில்லை. தெருவில் பேருந்து ஓடுகிறது, பிள்ளை நழுவிவிடும், அன்னியர் நுழைந்துவிடுவர். பெற்றோரே பூட்டச் சொல்கிறார்கள். ஆயினும் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில், உள்ளிருக்கும் எந்தப் பெரியவரும் சாவியின்றித் திறக்கும் தாழ்ப்பாள் பெரிய செலவன்று. சன்னல் கம்பிகளிலும் ஒன்றையேனும் உள்ளிருந்து திறக்கும்படி அமைக்கலாம். டிசம்பரில் குடில் கட்டும்போதும் கண் வேண்டும். வைக்கோலும் வண்ணத் தாளும் தொடர்விளக்குமாகச் சேர்ந்து, மழலையர் அறையின் ஒரே வாசலுக்குப் பக்கத்தில் அழகாக வீற்றிருக்கும் குடில்களை நான் பல பங்குகளில் கண்டதுண்டு.

ஒத்திகை நாளையும் நேரத்தையும் பற்றி ஒரு சொல். நம் பள்ளிகளில் அது காலை பதினொரு மணிக்கு, தாளாளர் முன்னிலையில், புகைப்படத்தோடு நடக்கும். சிக்காகோவும் எர்மோசியோவும் நோதாவும் பிற்பகல் இரண்டரைக்கும் மூன்றுக்கும் ஒட்டிய வேளைகள். அந்நேரம் பாதிப்பேர் உறங்குகிறார்கள். ஆயா ஒருவர் சாப்பிடப் போயிருப்பார். பொறுப்பாசிரியை வங்கியில் இருப்பார். அந்த வேளையில் நடத்திப் பார்த்தால்தான் யார் எந்தக் குழந்தையைத் தூக்குவது, மணியடிக்க யார் அனுமதி தருவது என்னும் கேள்விகள் எழும். இரண்டாவதற்கு விடை எளிது: புகையைக் காண்பவர் அடிக்கலாம், அவர் கூட்டிப் பெருக்குபவராக இருந்தாலும்.

வருகைப் பதிவேடு அலுவலகப் பெட்டிக்குள் இராமல் வாசலருகே தொங்க வேண்டும். வெளியே வந்தபின் எண்ணுவதற்கு அதுதான் ஆதாரம். கூடும் இடம் கொடிமரத்தடியோ கெபியோ, எதுவாயினும் ஒன்றாக இருக்கட்டும். பெற்றோருக்கும் அது முன்னரே தெரிந்திருக்கட்டும். செய்தி கேட்டு ஓடிவரும் தாய் தன் பிள்ளையை வாரிக்கொண்டு போவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனால் போகுமுன் பதிவேட்டில் ஒரு குறி விழ வேண்டும். இல்லையேல் வீட்டில் பத்திரமாக இருக்கும் குழந்தையைத் தேடி, தீயணைப்பு வீரர் ஒருவர் எரியும் அறைக்குள் மீண்டும் நுழைவார்.

சிக்காகோப் பள்ளி அதே இடத்தில் புதிதாக எழும்பி, 1960இல் திறக்கப்பட்டது. தீ தெரிந்தவுடன் தானே நீர் பொழியும் குழாய்களும், எரியாத படிகளும் அதில் இருந்தன. பிள்ளைகள் குறைந்துபோனதால் 1999இல் மூடப்பட்டது.